எடுத்தவுடன் கிளம்பும் சைக்கிள்: தினசரிப் பயணத்துக்குத் தயார்செய்யும் முறை

தினமும் வேலைக்கோ படிக்கவோ போய்வரும் சைக்கிளுக்கு ஒரே சோதனைதான்: கிளம்பலாம் என்று நினைத்ததற்கும் பெடலில் கால் வைப்பதற்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. விளக்கைத் தேடுவது, காற்றடிப்பது, பையைக் கயிறு போட்டுக் கட்டுவது, பேண்ட்டின் ஓரத்தை மடித்துவிடுவது என்று காலையில் நான்கு வேலை இருந்தால், பத்தாவது நாள் சைக்கிள் சுவரோரம் சாய்ந்துவிடும். எதை மாட்டுவது, எதை விடுவது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இந்தச் சோதனையை வைத்துப் பாருங்கள்.

வேலையின் வரிசையும் முக்கியம். புதியவர்கள் பெரும்பாலும் பெல், விளக்கு, போன் ஹோல்டர் என்று கண்ணில் படும் பொருள்களிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் சைக்கிளை உங்கள் உடம்புக்குப் பொருத்துங்கள். அடுத்து பிரேக்கும் டயரும். மட்கார்டு, கேரியர், விளக்கெல்லாம் அதற்குப் பிறகு. ஹேண்டில்பாரை உயர்த்தினால் கேபிளின் நீளம் போதாமல் போகும். டயர் அகலமானால் பழைய மட்கார்டில் உரசும். வரிசை தவறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, பெடலுக்கும் ஆக்சில் நட்டுக்கும் 15 மி.மீ. ஸ்பானர், 8 முதல் 10 மி.மீ. வரை ரிங் ஸ்பானர்கள், ஒரு ஸ்குரூ டிரைவர், கொஞ்சம் கிரீஸ், அழுத்தமானி வைத்த தரைப் பம்பு. இதில் எதைக் குறைத்தாலும் பம்பைக் குறைக்காதீர்கள். கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்துக் காற்று சொல்வது, பழகிய கைக்கே பாதி நேரம் தவறும்.

சீட்டு

சீட்டின் உயரம் சரியில்லை என்றால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை. காலணி போடாமல் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே கவட்டையில் படும்படி மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால் வருவது, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய நீளம். 80 செ.மீ. என்றால் ஏறக்குறைய 70.6 செ.மீ. இது தொடங்கும் புள்ளிதான், முடிவு அல்ல. உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்துப் பாருங்கள்: முழங்கால் நேராக நீள வேண்டும். அப்படியானால் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியே இருக்கும். அதுதான் வேண்டும்.

உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியவேண்டும் என்று நினைத்துச் சீட்டை இறக்கி வைப்பதுதான் மிகப் பரவலான தவறு. பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகமாக மடங்கி, சில வாரங்களில் முட்டியின் முன்புறம் வலிக்கத் தொடங்கும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொண்டால் உயரமான சீட்டு பயமுறுத்தாது. பயம் போகும்வரை 1 செ.மீ. தாழ்த்தி ஓட்டிவிட்டு, வாரத்துக்கு 5 மி.மீ. ஆக ஏற்றலாம். மாறாக, முட்டியின் பின்புறம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ சீட்டு அதிக உயரத்தில் இருக்கிறது.

சீட்டைத் தாங்கும் குழாயான சீட் பில்லரில் ஒரு குறைந்தபட்சக் கோடு பொறித்திருக்கும். அது சட்டத்துக்குள் மறைந்திருந்தாக வேண்டும். கோடு வெளியே தெரிந்தால்தான் உங்கள் உயரம் வருகிறது என்றால், நீளமான பில்லர் வாங்குங்கள். இல்லாவிட்டால் பில்லர் வளையும், சில சமயம் சட்டமே விரிசல் விடும். பில்லரை வெளியே எடுத்ததுதான் எடுத்தீர்கள், இலேசாகக் கிரீஸ் தடவி உள்ளே விடுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் துருப்பிடித்து இறுகிய பில்லரை எடுப்பது பெரும்பாடு.

உயரம் முடிந்த பிறகு முன்பின் நகர்வு. கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, முன்னால் இருக்கும் முழங்காலின் முன்பக்கத்திலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் பெடலின் அச்சை ஒட்டி விழுந்தால் போதும். சீட்டைச் சமமட்டமாக வையுங்கள். சீட்டின் மூக்கு மேலே தூக்கினால் கவட்டை மரத்துப்போகும். கீழே சரிந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். கை வலிக்குக் கையுறை வாங்கியும் தீராதவர்கள் முதலில் சீட்டின் சரிவைப் பார்க்கலாம்.

மெத்து மெத்தென்று இருக்கும் அகலமான ஜெல் சீட்டு முதல் பத்து நிமிடம்தான் சுகம். உட்காரும் எலும்புகள் அதில் புதைந்து, நடுப்பகுதி மேலெழும்பி அழுத்தும். ஓரளவு கெட்டியான, உங்கள் எலும்பு அகலத்துக்கேற்ற சீட்டே நீண்ட நாளைக்கு உதவும்.

ஹேண்டில்பார்

போக்குவரத்து நடுவே ஓட்டுபவருக்குத் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். சீட்டின் மட்டத்துக்குச் சமமாகவோ சில செ.மீ. மேலாகவோ ஹேண்டில்பார் இருந்தால் தோளைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது எளிது.

உயர்த்தும் முறை, ஹேண்டில்பாரைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டெம்மைப் பொறுத்தது. பழைய பாணி ஸ்டெம்மில் மேலே ஒரே ஒரு போல்ட்டு இருக்கும். அதை மூன்று நான்கு சுற்று தளர்த்தி, போல்ட்டின் தலையில் மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும். போல்ட்டைத் தளர்த்திவிட்டு ஸ்டெம்மைப் பிடித்து முறுக்கு முறுக்கென்று முறுக்குபவர்கள், தட்ட வேண்டும் என்பதை அறியாதவர்கள். இங்கும் குறைந்தபட்சக் கோடு உண்டு. அதைத் தாண்டி இழுக்காதீர்கள். புதிய பாணி ஸ்டெம்மில் வளையங்களை மேலும் கீழும் மாற்றிப்போட்டுத்தான் உயரம் மாறும். அதைத் திரும்பப் பூட்டும்போது மேல்மூடி போல்ட்டை முதலில், ஆட்டம் நின்றுபோகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, சக்கரத்துக்கு நேராக ஹேண்டிலைத் திருப்பிவைத்து, கடைசியில் பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். பக்கவாட்டை முதலில் இறுக்கிவிட்டால் மேல்மூடி எவ்வளவு திருகினாலும் பேரிங் ஆட்டம் போகாது. முன்பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்று கை உணர்ந்தால் இன்னும் ஆட்டம் இருக்கிறது.

பிரேக் லீவரை முன்கை, மணிக்கட்டு, விரல் ஒரே கோட்டில் வரும்படி கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். சின்னக் கை உடையவர்களுக்கு லீவரின் உட்புறம் ஒரு குட்டித் திருகு இருக்கும். அதை உள்ளே திருகினால் லீவர் பிடிக்கு அருகே வரும். பலர் ஆண்டுக்கணக்கில் விரல் எட்டாமல் ஓட்டிக்கொண்டிருப்பது இந்தத் திருகு தெரியாததால்தான்.

பிரேக்

நிறுத்தும் சக்தியின் பெரும்பங்கு முன்பிரேக்கில் இருக்கிறது. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குச் சாய்வதால் பின்சக்கரம் இலேசாகி எளிதில் வழுக்கும். ஆகவே முன்பிரேக் பழுது என்றால் அன்று சைக்கிளை எடுக்காதீர்கள். அதை மிரளாமல் பயன்படுத்த, ஆளில்லாத இடத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, முன்பிரேக்கின் அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டிப் பழகுங்கள்.

ரிம் பிரேக் என்றால் பிரேக் கட்டை முழுவதும் ரிம்மின் மேல் படவேண்டும். மேலே டயரில் பட்டால் சில நாளில் பக்கவாட்டை அறுத்துவிடும். கீழே நழுவினால் ஒருநாள் போக்ஸ் கம்பிக்குள் நுழையும். இரண்டு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி போதும். கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மில்லிமீட்டருக்குள் முந்தி ரிம்மைத் தொடவேண்டும். கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு அட்டைத் துண்டை வைத்துக்கொண்டு இறுக்கினால் இது தானாக அமையும். கிறீச்சென்ற சத்தம் பெரும்பாலும் இதோடு நின்றுபோகும்.

கேபிள் மாற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பிரேக் கேபிளின் வெளிக்குழாய் வேறு, கியர் கேபிளின் வெளிக்குழாய் வேறு. பிரேக் குழாயில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் குழாயில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். கியர் குழாயைப் பிரேக்குக்குப் போட்டால் பலமாக அழுத்தும்போது அது பிளந்துபோகலாம், அதாவது பிரேக் மிகத் தேவைப்படும் அந்தக் கணத்தில். அதேபோல வி-பிரேக்குக்கு (சக்கரத்தின் இருபுறமும் நீண்ட கைகள் நிற்கும் ரிம் பிரேக்) அதிகக் கேபிள் இழுக்கும் லீவர் வேண்டும். மற்ற காலிப்பர் பிரேக்குகளுக்குக் குறைவாக இழுக்கும் லீவர். மாற்றி மாட்டினால் ஒன்று லீவர் பிடியில் முட்டும், அல்லது கல்லைப் பிடித்ததுபோல் கெட்டியாக இருந்தும் சைக்கிள் நிற்காது.

குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர் கட்டைக்குப் பிடிமானம் வெகுவாகக் குறையும். மழையிலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அலுமினிய ரிம்முக்கு மாறுவதுதான் உண்மையான மாற்றம். கட்டையை மட்டும் மாற்றுவது பாதித் தீர்வு. டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் தட்டைக் கையால் தொடாமலும், செயின் ஆயில் அதன் பக்கம் தெறிக்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். எண்ணெய் ஊறிய பேடை (தட்டைப் பிடிக்கும் பிரேக் கட்டையை) கழுவிக் காப்பாற்றுவது அரிது.

டயர்

இருக்கும் சைக்கிளில் ஒரே ஒரு பொருளைத்தான் மாற்ற முடியும் என்றால் டயரை மாற்றுங்கள். கரடுமுரடான மலைப்பாதை டயரோடு தார்ச்சாலையில் ஓட்டுவது நனைந்த மணலில் நடப்பதுபோல. மழமழப்பான, 32 முதல் 42 மி.மீ. அகலமுள்ள, முள் தடுக்கும் பட்டை வைத்த டயர் அன்றாட ஓட்டத்துக்குப் பொருத்தம்.

வாங்கும்போது அங்குலத்தை நம்பாதீர்கள். "26 அங்குலம்" என்ற ஒரே பெயரில் 559 மி.மீ. ரிம்மும் இருக்கிறது, 590 மி.மீ. ரிம்மும் இருக்கிறது. முன்னது மலைச் சைக்கிள், பின்னது 26 × 1⅜. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. தசமத்தில் எழுதிய 1.75-ம் பின்னத்தில் எழுதிய 1¾-ம்கூட ஒன்றல்ல. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் ஓர் இணை எண் இருக்கும்: முதலாவது அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம். இரண்டாவது எண் ஒத்துப்போக வேண்டும். 700சி என்பது 622. பழைய 28 × 1½ சைக்கிள்கள் 635. அகலத்தைச் சட்டத்திலும் பிரேக்கிலும் இடமிருக்கும் அளவுக்குக் கூட்டலாம்; மட்கார்டுக்கும் இடம் விட்டுவையுங்கள்.

காற்றழுத்தம்: பக்கவாட்டில் அச்சிட்ட எண் உச்சவரம்பு, அடிக்க வேண்டிய அளவல்ல. சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 37 மி.மீ. டயரில் பின்னால் 50 முதல் 55 பிஎஸ்ஐ, முன்னால் அதைவிட 5 முதல் 10 குறைவாக வைத்துத் தொடங்கலாம். 47 மி.மீ. என்றால் 40 பக்கம், 32 மி.மீ. என்றால் 60 பக்கம். எடை கூடினால் கூட்டுங்கள். குறைந்த காற்றில் பள்ளத்தில் இறங்கினால் ட்யூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். அப்படி இரட்டை ஓட்டை கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், பம்பைத் தேடுங்கள். வாரம் ஒருமுறை காற்றுப் பார்ப்பது போதும். பழைய வகை வால்வாக இருந்தால் உள்ளே இருக்கும் வால் டியூப் (வால்வின் சின்ன ரப்பர் குழாய்) வெயிலில் வெடித்துக் காற்றை விடும். பஞ்சர் என்று டயரைக் கழற்றும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கியரும் செயினும்

கியர் இல்லாத சைக்கிள் மோசமில்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பது வழக்கமான சேர்க்கை. 700சி சக்கரத்தில் ஒரு முழு மிதிக்கு ஏறக்குறைய 5.3 மீட்டர் போகும். ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் மூச்சு வாங்கினால், கியர் வாங்கும் முன் பின்னால் 20 பல் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) மாட்டிப் பாருங்கள். ஒரு மிதிக்கு 4.8 மீட்டராகக் குறையும். சுமை பத்தில் ஒரு பங்கு இலேசாகும். செயினுக்கு நீளம் போதுமா என்று முன்பே பாருங்கள், ஒரு இணைப்பு கூட்ட வேண்டியிருக்கலாம். செயினின் நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் 1 முதல் 1.5 செ.மீ. அசைய வேண்டும். கம்பிபோல் விறைப்பாக வைத்தால் பேரிங் தேயும். தொங்கவிட்டால் பள்ளத்தில் கழன்று விழும்.

கியர் வேண்டும் என்பவர்களுக்கு, அடிக்கடி நின்று கிளம்பும் ஓட்டத்தில் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடு உருளைக்குள்) அடங்கிய மூன்று கியர் அருமையாக உழைக்கும். நின்றபடியே கியரை மாற்றலாம், செயினை முழுக்க மூடியும் வைக்கலாம். பேண்ட் ஓரத்தில் கறுப்புக் கறை படாமல் இருப்பதற்கு முழு செயின் கவரைவிடச் சிறந்த வழி இதுவரை வரவில்லை.

செயினுக்கு ஆயில் விடும்போது ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, உட்புறத்தில். கால்மணி நேரம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். துடைக்காமல் விட்டால் புழுதி ஒட்டி, எண்ணெய் அரத்தூளாக மாறும். தேய்மானத்தை அளக்க ஒரு இரும்பு ஸ்கேல் போதும்: புதுச் செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 பின் தள்ளி 12 அங்குலம் சரியாக இருக்கும். 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 வரை விட்டால் பின்பல்லையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பெடல் மாற்றுபவர்கள் கவனிக்க: இடது பெடலின் மரை தலைகீழ். இரண்டு பக்கமும் கிராங்கில் ஏற்றும்போது முன்சக்கரத்தை நோக்கித் திருகினால் இறுகும். மரையில் கிரீஸ் இல்லாமல் ஏற்றாதீர்கள். கையால் நான்கு சுற்று சுலபமாக ஏறவில்லை என்றால் ஸ்பானரால் முட்டாமல் கழற்றி மறுபடி நேராக வையுங்கள்.

மாட்டும் பொருள்கள்

மட்கார்டு டயரைவிட 8 முதல் 10 மி.மீ. அகலமாக இருக்கட்டும். முன் மட்கார்டின் அடியில் ரப்பர் மடிப்பு ஒன்றைத் தரையிலிருந்து 10 செ.மீ. உயரம்வரை நீட்டிவிட்டால் காலணியும் செயினும் சேற்றிலிருந்து தப்பும். சட்டத்தில் துளை இல்லாவிட்டால் ரப்பர் பூசிய கவ்விகளைக் கொண்டு மாட்டலாம். முன் மட்கார்டின் தாங்குகம்பி, அழுத்தம் வந்தால் தானே விடுபடும் வகையாக இருப்பது நல்லது: குச்சி ஒன்று சிக்கினால் மட்கார்டு சுருண்டு சக்கரத்தைப் பூட்டி, ஓட்டுபவரை ஹேண்டிலுக்கு மேலாகத் தூக்கி எறியும்.

முதுகுப் பையோடு அரைமணி நேரம் மிதித்தால் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். கேரியரில் மாட்டும் பக்கப்பை அதற்கு மாற்று. கேரியரின் மேல் தாங்கும் எடை பொறித்திருக்கும், பெரும்பாலும் 25 கிலோ. பையைப் பின்னால் தள்ளி மாட்டுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் குதிகால் இடிக்கும். போல்ட்டுகளுக்கு நைலான் நட்டு போடுங்கள், சாதா நட்டு அதிர்வில் கழன்று எங்கே விழுந்தது என்றே தெரியாது. தொங்கும் உடை அணிபவர்கள் பின்சக்கரத்தின் மேல்பாதிக்கு வலையோ தகடோ மாட்டாமல் ஓட்ட வேண்டாம்.

விளக்கு சைக்கிளோடு இணைந்தே இருக்க வேண்டும். கழற்றி மாட்டும் விளக்கு என்றாவது ஒருநாள் மேசையில் தங்கிவிடும். டயரில் உரசும் டைனமோ மழையில் வழுக்கும். முன்சக்கர ஹப்பிலேயே அமைந்த 6 வோல்ட், 3 வாட் டைனமோ விலை கூடியது, ஆனால் மாட்டிவிட்டால் மறந்துவிடலாம். முன்விளக்கின் ஒளிமையம் சுமார் 10 மீட்டர் தள்ளித் தரையில் விழட்டும். எதிரே வருபவரின் கண்ணில் அடித்தால் அவர் உங்களைப் பார்க்கமாட்டார், ஒளியைத்தான் பார்ப்பார். பெடலிலும் டயரின் பக்கவாட்டிலும் இருக்கும் பிரதிபலிப்பான்கள் அசைவதால் தூரத்திலேயே சைக்கிள் என்று காட்டிக்கொடுக்கும்.

பூட்டு சட்டத்தையும் பின்சக்கரத்தையும் அசையாத ஒரு கம்பத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரம் மட்டும்தான் மிஞ்சும். கையால் திறக்கும் விரைவு லீவர்களுக்குப் பதிலாக நட்டோ ஆலன் போல்ட்டோ போட்டுவிடுங்கள்.

பெல் கட்டைவிரல் எட்டும் தூரத்தில். அவ்வளவுதான்.

வழியில் பஞ்சர்

பையில் நிரந்தரமாகக் கிடக்க வேண்டியவை: ஒரு மாற்று ட்யூப், இரண்டு டயர் லீவர், சின்னப் பம்பு, 15 மி.மீ. ஸ்பானர். சாலையோரத்தில் ஒட்டுப்போட வேண்டாம். ட்யூபை மாற்றிவிட்டு, ஓட்டையை வீட்டில் ஒட்டலாம்.

1. டயரைக் கழற்றும் முன் வால்வுக்கு நேரே டயரில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்துவையுங்கள்.
2. பழைய ட்யூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து அதன் தூரத்தைக் கொண்டு டயரில் அதே இடத்தைத் தேடினால் முள் கிடைக்கும்.
3. முள் கிடைக்கும்வரை புது ட்யூபை மாட்டாதீர்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி பஞ்சராவதற்கு அநேகமாக இதுவே காரணம். ஓட்டை ட்யூபின் உட்புறத்தில் இருந்தால் குற்றவாளி ரிம் பட்டை. நகர்ந்து போக்ஸ் தலை வெளியே தெரிகிறதா பாருங்கள்.
4. புது ட்யூபில் உருவம் வரும் அளவுக்குக் காற்று வைத்து டயருக்குள் செருகுங்கள். டயரின் கடைசிப் பகுதியை லீவர் போடாமல் கையாலேயே ஏற்றுங்கள். லீவர் புது ட்யூபைக் கிள்ளிவிடும்.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு

புதிதாகப் பூட்டியவை எல்லாம் இந்தத் தூரத்தில் ஒருமுறை தளரும். கேபிள் நீண்டு லீவர் உள்ளே போகும். கேபிளின் முனையில் இருக்கும் திருகு உருளையை வெளிப்பக்கம் இரண்டு சுற்று சுற்றினால் சரியாகிவிடும். போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகக் கிள்ளிப் பாருங்கள், தொளதொளவென்று இருப்பவை இருந்தால் கோட்டம் வரும் முன் இறுக்கச் சொல்லுங்கள். கேரியர், மட்கார்டு போல்ட்டுகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். மிக முக்கியமாக இடது கிராங்க்: மிதிக்கும்போது 'டக் டக்' என்று கேட்டால் அன்றே இறுக்குங்கள். தளர்ந்த கிராங்கோடு ஓரிரு நாள் ஓட்டினாலும் அதன் சதுரத் துளை வட்டமாகத் தேய்ந்துவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.